கேள்வி-பதில்: நாஷ்வில் பெரியவரும் ஆல்பெர்ட்டா பெண்ணும்

கே.டி. லாங் பாடிய ‘ஷேடோலேண்ட்’ ஆல்பத்தைக் கேட்காமல் யாரும் “கன்ட்ரி இசை எனக்குப் பிடிக்காது” என்று சொல்லிவிடக் கூடாது. சென்ற இதழில் போகிற போக்கில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அந்த ஒரே ஆல்பம்.

அப்படி என்ன பெரிய ஆல்பம்? ஒரே மூச்சில் சொல்லுங்கள் பார்க்கலாம்.
– கோவை வாசகர்

1988-ல் வந்தது, 12 பாட்டு, சுமார் 35 நிமிடம், பாடியவர் கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்துப் புல்வெளிக் கிராமம் ஒன்றில் வளர்ந்த 26 வயதுப் பெண், தயாரித்தவர் அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தைச் சேர்ந்த 72 வயது ஓவன் பிராட்லி, 1960-களின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரத்தில் பாட்டு எப்படி ஒலித்ததோ அதே ஒலி, அன்று வாசித்த கைகளில் சிலவே இதிலும் வாசித்திருக்கின்றன. மூச்சு முடிந்தது. இனி நிதானமாகப் பேசுவோம்.

ரெட்ரோ, ரெட்ரோ என்கிறார்கள். பழைய கள் புதிய மொந்தை, அவ்வளவுதானே?
– ஈரோடு வாசகர்

கள் பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை அன்றைக்கு இறக்கிய மனிதரே திரும்பவும் மரம் ஏறினார் என்பதைக் கவனியுங்கள்.

ரெட்ரோ என்ற பெயரில் வருகிற ஆல்பங்களில் பாதி வேஷம். பழைய பாணிச் சட்டை, மங்கிய நிறத்தில் அட்டைப்படம், தேய்ந்த இசைத்தட்டு மாதிரி கேட்கட்டும் என்று மெனக்கெட்டுச் சேர்த்த கரகரப்பு. ‘ஷேடோலேண்ட்’டில் அந்தக் கரகரப்பு கிடையாது. பதிவு அத்தனை சுத்தம். பழமை இருப்பது வேலை செய்த முறையில்: எந்த இடத்தில் வயலின்கள் நுழைய வேண்டும், எந்த இடத்தில் எல்லாரும் விலகிக்கொண்டு பாடகியைத் தனியே விட வேண்டும், பின்னணியில் பாடுகிறவர்கள் எவ்வளவு மெதுவாக ‘ஊ’ போட வேண்டும் என்கிற தீர்மானங்களில். அந்தத் தீர்மானங்களுக்குச் சொந்தக்காரரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது யாரைப் பார்த்து யார் நகல் எடுப்பது?

யார் இந்த ஓவன் பிராட்லி? கேள்விப்பட்டதே இல்லையே.
– மதுரை வாசகி

பாட்டுக்குப் பின்னால் நின்றவர், அதனால் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவர் செய்த பாட்டு வந்து சேர்ந்திருக்கும். பேட்சி க்ளைன் பாடிய ‘கிரேஸி’யை ஏதாவது ஒரு ஹாலிவுட் படத்திலாவது நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

பிராட்லி அடிப்படையில் பியானோக்காரர். நடன அரங்குகளில் வாசிக்கும் இசைக்குழு வைத்து நடத்தியவர். 1955-ல் தம்பி ஹெரால்டைச் சேர்த்துக்கொண்டு நாஷ்வில்லின் 16-வது அவென்யூ சவுத் தெருவில் ஒரு வீட்டில் ஸ்டூடியோ வைத்தார். வீட்டை ஒட்டி, ராணுவ முகாம்களில் போடுவார்களே, அரைவட்டக் கூரைத் தகரக் கொட்டகை, அதில் ஒன்றை எழுப்பினார்கள். ‘குவான்செட் ஹட்’ என்றே அந்த ஸ்டூடியோவுக்குப் பெயர் நின்றுவிட்டது. இன்று உலகம் ‘மியூசிக் ரோ’ என்று அழைக்கும் அந்த வட்டாரம் முழுவதும் அந்தத் தகரக் கொட்டகையைச் சுற்றி வளர்ந்ததுதான். டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியின் நாஷ்வில் பொறுப்பு பிராட்லியின் கைக்கு வந்தது. பேட்சி க்ளைன், பிரெண்டா லீ, லொரெட்டா லின், கிட்டி வெல்ஸ் எல்லாரும் அவர் கையால் பதிவானவர்கள்.

‘கிரேஸி’ பதிவான கதை ஒன்றே அந்த மனிதரைக் காட்டிவிடும். 1961 ஜூன் மாதம் பேட்சி க்ளைன் ஒரு கார் விபத்தில் பலத்த காயம் அடைந்தார். ஆகஸ்டில் ஸ்டூடியோவுக்கு வந்தபோதும் விலா எலும்பு வலி விடவில்லை. மேல்சுரத்துக்கு மூச்சு ஏறவில்லை. ஒரு செஷனில் மூன்று நான்கு பாட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஊர் அது. பிராட்லி அவசரப்படவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, உடம்பு தேறியதும் அந்த அம்மாளைத் திரும்ப வரச் சொல்லி, அதன்மேல் பாட வைத்தார். நாம் இன்று கேட்கும் குரல் அப்படிக் காத்திருந்து வாங்கிய குரல்.

1963 மார்ச் 5-ல் டென்னசியின் கேம்டன் ஊருக்கு அருகே விமானம் விழுந்து பேட்சி க்ளைன் இறந்தார். வயது 30. இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நின்றது. 25 வருடம் கழித்து, ஓய்வில் இருந்த பிராட்லி இந்தக் கனடாப் பெண்ணுக்காக மறுபடி ஸ்டூடியோவுக்குள் வந்தார். இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஆல்பத்தைக் கேளுங்கள். வயலின்கள் வேறு மாதிரி கேட்கும்.

கன்ட்ரி என்றால் தொப்பி, குதிரை, பாஞ்சோ என்றல்லவா நினைத்திருந்தேன்? இதில் சினிமாப் பாட்டு மாதிரி வயலின் கூட்டமே இருக்கிறதே!
– திருநெல்வேலி வாசகர்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

1950-களின் நடுவில் எல்விஸ் பிரஸ்லியும் ராக் அண்ட் ரோலும் வந்து இளைஞர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். கன்ட்ரி தட்டுகளின் விற்பனை படுத்துவிட்டது. ஆர்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனியில் செட் அட்கின்ஸும் டெக்காவில் பிராட்லியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிராமத்துப் பாணியில் கீச்சிடும் ஃபிடிலைக் குறைத்து, கூட்டாக இழையும் வயலின்களைக் கொண்டுவந்தார்கள். மூக்கால் பாடுவதை விட்டுவிட்டு நெஞ்சிலிருந்து பாடச் சொன்னார்கள். பின்னணிக்கு கோரஸ், மென்மையான பியானோ. டபுள் பாஸ் வாசிக்கும் அதே சுரங்களை ஆறு தந்தி பாஸ் கிட்டாரில் ‘டிக்-டிக்’ என்று அடக்கித் தட்டுவது ஒரு தனி உத்தி. அதில் தம்பி ஹெரால்டு மன்னன். இந்த மொத்தத்துக்கும்தான் ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று பெயர் வந்தது.

பழைமை விரும்பிகள் கொதித்துப் போனார்கள். மண்வாசனையைத் துடைத்துவிட்டு நகரத்துக்காரர்களுக்கு விற்கிறார்கள் என்று திட்டினார்கள். ஆக, இன்று நாம் ‘அசல் பழசு’ என்று உருகுகிற ஒலி, பிறந்த அன்று பழசைக் கெடுக்க வந்தது என்று வசை வாங்கியது. 1980-களில் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் சேர்ந்தது. 1986-ல் ராண்டி டிராவிஸ், ட்வைட் யோக்கம் போன்ற இளைஞர்கள் “மூலத்துக்குத் திரும்புவோம்” என்று கிளம்பி, மதுக்கடை மேடைகளின் ஹாங்கி-டாங்க் பாணிக்குப் போனார்கள். அருமையான வேலை, சந்தேகமில்லை. லாங் மட்டும் யாரும் திரும்ப நினைக்காத வாசலுக்குப் போனார். வயலின்கள் இருந்த வாசல் அது. அவருடைய குரலுக்கு அதுதான் சரி என்பது முதல் பாட்டு முடிவதற்குள் விளங்கிவிடும்.

நீங்கள் என்ன சொன்னாலும், லாங் என்பவர் பேட்சி க்ளைனின் கார்பன் காப்பிதானே?
– சென்னை வாசகர்

ஆரம்பத்தில் அவரே அப்படித்தான் இருக்க ஆசைப்பட்டார். கல்லூரி நாட்களில் ஒரு நாடகத்தில் பேட்சி க்ளைனை ஒட்டி எழுதிய பாத்திரம் கிடைத்தது. அதற்காகத் தேடிப் பிடித்துக் கேட்டவர் அப்படியே விழுந்துவிட்டார். தன் பேண்டுக்கு ‘ரீக்ளைன்ஸ்’ என்று பெயர் வைத்தார். க்ளைன் என்ற பெயர் உள்ளே ஒளிந்திருக்கிறது, பாருங்கள். தானே அந்த அம்மாளின் மறுபிறவி என்றுகூடச் சொல்லிக்கொண்டார். மேடையில் குட்டையாக வெட்டிய கௌபாய் பூட்ஸ், கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம், சுழன்று சுழன்று ஆட்டம். 1987-ல் வந்த ‘ஏஞ்சல் வித் எ லேரியட்’ ஆல்பத்தில் அந்தத் துள்ளல் அப்படியே இருக்கிறது.

அதன் பிறகு பிராட்லியின் எதிரில் உட்கார்ந்தார். துள்ளல் அடங்கியது, குரல் வெளியே வந்தது.

அந்தக் குரலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்க் கேட்போம். ‘ஐ விஷ் ஐ டிடின்ட் லவ் யூ ஸோ’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் லெசர் எழுதி, 1947-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் வந்த பாட்டு. மறக்க முடியாமல் தவிக்கிற ஒருத்தியின் பேச்சு. சாதாரணப் பாடகி கையில் கிடைத்தால் முதல் வரியிலேயே அழுதுவிடுவார். லாங் அழவே மாட்டார். வரியைத் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் தொடங்குவார், சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவள் மாதிரி. நீண்ட சுரத்தை முதலில் ஆடாமல் அசையாமல் நேராக நிறுத்துவார். மூச்சு முடியப் போகும் தறுவாயில்தான் அதை லேசாக நடுங்க விடுவார். உரக்கப் பாடும் சக்தி அவரிடம் எக்கச்சக்கம். நமக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் செலவழிக்காமல் கையில் வைத்திருக்கிறார் என்பதிலேயே பாட்டுக்கு ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. கடைசியில் குரலைத் திறக்கும்போது, அறையின் ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொள்கின்றன.

பேட்சி க்ளைன் குரலில் ஒரு விம்மல் உண்டு. சொல் உடைந்து, உடைந்த இடத்தில் உயிர் தெரியும். லாங் சொல்லை உடைப்பதில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தையல் தெரியாமல் போகிறார். அம்மாளிடம் அடிபட்ட அனுபவம். இவரிடம் அடக்கி ஆளும் தேர்ச்சி. குருவை இவ்வளவு நேசித்தும் குருவின் விம்மலைத் திருடாமல் இருந்தாரே, அதற்காகவே லாங்கை நான் மதிக்கிறேன். கார்பன் காப்பி என்று இனி சொல்லாதீர்கள், ஐயா.

ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுதான் கேட்க நேரம் இருக்கிறது. எது?
– சேலம் வாசகி

‘பிளாக் காஃபி’.

அது ஜாஸ் பாட்டு ஆயிற்றே! கன்ட்ரி ஆல்பத்தில் எப்படி?
– அதே சேலம் வாசகி, அடுத்த தபாலில்

தங்கையே, இரண்டாவது கடிதம் எழுத நேரம் இருந்ததில் மகிழ்ச்சி. ஆமாம், சாரா வான், பெக்கி லீ போன்ற ஜாஸ் பாடகிகள் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. தூக்கம் வராத ராத்திரி, ஆறிப்போன காபி, வராத ஆள். இந்த மூன்றும் கன்ட்ரி பாட்டுக்கும் பொதுச் சொத்து. பிராட்லி நடன இசைக்குழுவில் வளர்ந்தவர். அவருக்கு இரண்டு வீட்டுக்கும் சாவி இருந்தது. லாங் இந்தப் பாட்டை மெதுவாக, மிக மெதுவாக நடத்துகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் கடிகாரம் ஓடுவது கேட்கிறது.

பாடகி பாடாத நேரத்தில் ஒரு வாத்தியம் அழுகிறதே, அது என்ன?
– தஞ்சாவூர் வாசகர்

பெடல் ஸ்டீல் கிட்டார். மேஜை மாதிரி கால்கள் உள்ள வாத்தியம். தந்தியை விரலால் அழுத்துவதில்லை. இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திகள் மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். காலால் பெடலை மிதித்தால் தந்தியின் சுருதி ஏறும். முழங்காலால் தள்ளவும் நெம்புகோல்கள் உண்டு. இரண்டு கை, இரண்டு கால், முழங்கால் எல்லாவற்றுக்கும் வேலை. இரும்பை வழுக்கி வாசிக்கும் இந்த முறை ஹவாய் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது.

தஞ்சாவூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பக்கத்துக் கோட்டுவாத்தியமும் கட்டையைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் வாத்தியம்தான். படிக்கட்டு இல்லாததால் இரண்டு சுரத்துக்கும் நடுவில் இருக்கும் வெளி முழுவதும் வாசிப்பவருக்குச் சொந்தம். மனிதக் குரல் அழும்போது அந்த வெளியில்தான் போகிறது, அதனால்தான் நமக்கு உடனே பிடித்துவிடுகிறது. இந்த ஆல்பத்தில் ஸ்டீல் வாசித்திருப்பவர் பட்டி எமன்ஸ். அந்த வாத்தியத்தின் அமைப்பையே மாற்றிய பெரிய கை. பியானோவில் கண் பார்வை இல்லாத மேதை ஹார்கஸ் ராபின்ஸ். கோரஸில் ஜோர்டனேர்ஸ், எல்விஸுக்கும் பேட்சி க்ளைனுக்கும் பின்னால் பாடிய அதே கூட்டம். இவ்வளவு பேரும் இருந்தும் யாரும் யார் காலையும் மிதிக்கவில்லை.

கடைசிப் பாட்டில் நாலைந்து பெண் குரல் கேட்கிறது. யார் யார்?
– புதுச்சேரி வாசகி

நாலு பேர். ‘ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ் மெட்லி’ என்று பழைய பாட்டு மூன்றைக் கோத்திருக்கிறார்கள். லாங்கோடு பாடுகிறவர்கள் கிட்டி வெல்ஸ், லொரெட்டா லின், பிரெண்டா லீ.

கிட்டி வெல்ஸ் 1952-ல் அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பாடகி. ஆண் கெட்டுப்போனால் அதற்கும் பெண்ணையே குற்றம் சொல்கிறீர்களே என்று கேட்ட பாட்டு அது. சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன, ஜனங்கள் கேட்டுவிட்டார்கள். லொரெட்டா லின் கென்டக்கி சுரங்கத் தொழிலாளியின் மகள். கருத்தடை மாத்திரையைப் பற்றியே பாடியவர். பிரெண்டா லீ பள்ளிக்கூட வயதிலேயே உலகம் சுற்றியவர். சின்ன வயதில் அவர் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று 2023-ல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. பாடிப் பதிவுசெய்தது 1958-ல்!

மூவரும் பிராட்லியிடம் பாடியவர்கள். நடுவில் 26 வயதுப் பெண். இந்த மெட்லியில் லாங் முந்திக்கொண்டு போகவே இல்லை என்பதைக் கேளுங்கள். இத்தனை பெரிய குரலை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கு வழிவிடுகிறார். கிட்டி வெல்ஸின் குரலில் வயது தெரிகிறது, அதை யாரும் மறைக்கவில்லை. கேட்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும்.

குறையே இல்லையா? எல்லாம் தேனும் பாலும்தானா?
– விருதுநகர் வாசகர்

இருக்கிறது. ‘டோன்ட் லெட் த ஸ்டார்ஸ் கெட் இன் யுவர் ஐஸ்’ நல்ல குதூகலம், ஆனால் அதைப் பாட லாங் தேவையில்லை. அந்தக் குரலுக்கு அங்கே வேலை போதவில்லை. தலைப்புப் பாட்டில் வயலின்கள் ஒரு கை அதிகம். இரண்டையும் தாண்டி எனக்குப் பெரிய வருத்தம், ரீக்ளைன்ஸ் ஆட்களை இந்த ஆல்பத்தில் கேட்க முடியவில்லை என்பது. நாஷ்வில் கைகள் வாசித்ததில் குற்றம் இல்லை. ஆனாலும் சொந்த பேண்டோடு பாடும்போது அவரிடம் ஒரு குறும்பு வரும், அது இங்கே இல்லை. குறும்பும் நிதானமும் சேர்ந்து வேண்டுமானால் 1989-ல் வந்த ‘ஆப்சல்யூட் டார்ச் அண்ட் ட்வாங்’ கேளுங்கள்.

இவ்வளவு நன்றாகப் பாடியவரை அமெரிக்க கன்ட்ரி வானொலிகள் ஏன் கொண்டாடவில்லை?
– திருச்சி வாசகர்

கசப்பான சமாசாரம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

‘ஷேடோலேண்ட்’ அமெரிக்காவில் கோல்ட் தகுதி பெற்றது. அதாவது 5 லட்சம் பிரதிகள். ஆனால் அதிலிருந்து வந்த எந்தப் பாட்டும் கன்ட்ரி பட்டியலின் முதல் பத்துக்குள் நுழையவில்லை. அவருடைய எந்தப் பாட்டும் அந்தப் பத்தைத் தொட்டதே இல்லை. குட்டை முடி, மேக்கப் இல்லாத முகம், ஆண்கள் தைத்துக்கொள்ளும் பாணியில் கோட்டு. பெண் பாடகி என்றால் கூந்தலும் மினுமினுப்புக் கவுனும் வேண்டும் என்று பழகிப்போன ஊருக்கு அவரை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை.

1990-ல் மிருகவதைக்கு எதிரான பீட்டா அமைப்பின் பிரசாரத்தில், மாமிசம் வேண்டாம் என்று பேசினார். மாட்டுப் பண்ணை வட்டாரங்களில் வானொலி நிலையங்கள் அவர் பாட்டை நிறுத்திவிட்டன. ஆல்பெர்ட்டாவும் மாட்டுப் பண்ணை மாகாணம். அவர் வளர்ந்த கான்சார்ட் கிராமத்தில் ‘கே.டி. லாங்கின் ஊர்’ என்று வைத்திருந்த பலகையையே யாரோ நாசம் செய்தார்கள். அதே 1990-ல்தான் சிறந்த கன்ட்ரி பாடகிக்கான கிராமி விருதும் அவருக்குக் கிடைத்தது. விருது கொடுத்தவர்கள் இசையைக் கேட்டார்கள். வானொலிக்காரர்கள் வேறு எதையெதையோ பார்த்தார்கள்.

தான் ஒரு லெஸ்பியன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னவராமே? இந்தக் காதல் பாட்டுகளை அது மாற்றுகிறதா?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

1992-ல் சொன்னார். கன்ட்ரி உலகிலிருந்து வந்த ஒருவர் அன்றைக்கு அப்படிச் சொன்னது பெரிய துணிச்சல். பாட்டுகளை அது மாற்றுவதில்லை, ஆழமாக்குகிறது. ஆசையை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அடக்கிக்கொண்டு பாடுகிற தொனி இந்த ஆல்பம் முழுக்க இருக்கிறது. அந்த அடக்கத்துக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று கேட்பவர் மனம் தானே நினைத்துக்கொள்ளும். பெயர் வேண்டாம் என்று எழுதிய நீங்கள் இந்தப் பாட்டுகளை நிச்சயம் கேட்க வேண்டும். உங்களுக்கு என் அன்பு.

எங்கள் நாட்டுப் பாடகியைப் பற்றி எழுதியதற்கு நன்றி! ஒலிம்பிக்கில் பாடியவர் அல்லவா?
– டொரன்டோ வாசகர்

இரண்டு தடவை. 1988-ல் கல்கரி குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் துள்ளிக் குதித்துப் பாடினார். ‘ஷேடோலேண்ட்’ வந்ததும் அதே வருடம். 2010-ல் வான்கூவரில் தொடக்க விழா. வெள்ளை உடையில், வெறுங்காலோடு, லெனார்ட் கோஹனின் ‘ஹாலலூயா’. இரண்டுக்கும் வீடியோ கிடைக்கிறது. அடுத்தடுத்துப் பாருங்கள், 22 வருடத்தில் ஒரு பாடகி எதையெல்லாம் உதறினார் என்று தெரியும்.

பிறகு கன்ட்ரி பக்கம் வரவே இல்லையா?
– வேலூர் வாசகர்

1992-ல் ‘ஆன்ஜெனூ’ ஆல்பத்தோடு வெளியேறிவிட்டார். ‘கான்ஸ்டன்ட் கிரேவிங்’ அதில் வந்ததுதான். உலகம் முழுக்க ஓடியது. ஆனால் வெளியேறிய பிறகும் அந்த நிதானமும், தாளத்துக்குப் பின்னால் நிற்கும் பழக்கமும் பிராட்லியிடம் கற்றதாகவே எனக்குக் கேட்கிறது. டோனி பென்னெட்டோடு சேர்ந்து 2002-ல் பாடிய ஆல்பத்தில் அது இன்னும் தெளிவு. 2024-ல் கனடா கன்ட்ரி இசைக்காரர்கள் தங்கள் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

எனக்கு அமெரிக்க உச்சரிப்பு புரியாது. கேட்டு என்ன பயன்?
– பரமக்குடி வாசகி

இவர் பாடுவது புரியும். இந்த ஆல்பத்தை ஆங்கிலம் தகராறு செய்கிறவர்களுக்கு நான் தைரியமாகச் சிபாரிசு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். லாங் எழுத்தைக் கடித்துத் துப்புவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் முழுசாகக் கையில் கொடுக்கிறார். பாட்டுகளும் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்குள் அடங்குபவை. ‘ஐ’ம் டவுன் டு மை லாஸ்ட் சிகரெட்’ என்ற தலைப்பே கதையைச் சொல்லிவிடுகிறது: காத்திருக்கிறாள், பாக்கெட் காலி, ஆள் வரவில்லை.

செல்போன் ஸ்பீக்கரில் கேட்டேன். நீங்கள் சொன்ன எதுவும் கேட்கவில்லை.
– கரூர் வாசகர்

கேட்காது. அந்த ‘டிக்-டிக்’ பாஸும், கோரஸின் மெல்லிய ‘ஊ’வும் செல்போன் ஸ்பீக்கருக்குள் நுழையாது. சாதாரண ஹெட்போன் போதும். விலை உயர்ந்தது தேவையில்லை. சத்தத்தைக் கூட்டாதீர்கள். பஸ்ஸில் வேண்டாம்.

இதே தினுசில் வேறு ஆல்பங்கள்?
– யாழ்ப்பாணம் வாசகர்

தி மேவரிக்ஸ் குழுவின் ‘வாட் எ கிரையிங் ஷேம்’, 1994. மயாமியில் பிறந்த, கியூபா வம்சாவளி ராவுல் மாலோ பாடுகிறார். ராய் ஆர்பிசனை நினைவுபடுத்தும் குரல், கூடவே நடனமாடச் சொல்லும் தாளம். ராய் ஆர்பிசனே லாங்கோடு ‘கிரையிங்’ பாட்டை மறுபடி பாடியிருக்கிறார், 1987-ல், அதையும் விடாதீர்கள். இந்தத் தலைமுறையில் என்றால் மார்கோ பிரைஸ் பாடிய ‘மிட்வெஸ்ட் ஃபார்மர்ஸ் டாட்டர்’, 2016. மெம்ஃபிஸில் எல்விஸ் பாடத் தொடங்கிய அதே சன் ஸ்டூடியோவில் பதிவானது. அதற்குப் பணம் புரட்டக் காரை விற்று, கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார்கள். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே, குடும்பம் பண்ணையை இழந்த கதை வருகிறது. பழைய பாணிக்குள் சொந்தக் கதையைச் சொல்ல முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கடைசியாக: எந்தப் பாட்டில் தொடங்குவது?
– காரைக்குடி வாசகி

முதல் பாட்டில்தான். கிறிஸ் ஐசக் எழுதிய ‘வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’. பாட்டுகளை இந்த வரிசையில் அடுக்கியதற்குக் காரணம் இருக்கிறது, அதைக் கலைக்காதீர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியாகிவிட்டதா? மற்ற வேலைகளை நாளைக்குத் தள்ளிவிட்டு உட்காருங்கள். கேட்டுவிட்டு, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பிடிக்கவில்லை என்ற கடிதங்களையும் அடுத்த இதழில் முழுதாகப் போடுகிறேன்.